எந்த மொழி படிக்கட்டும், டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கல்லூரி முடித்த பிள்ளை இருப்பவர்கள் அவசியம் படியுங்கள். மற்றவர்கள் நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

போன வருஷம் ஜூன் மாதம், பெருங்களத்தூரில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நாலாம் வகுப்பில் என்னிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவன். இப்போது என்னைவிட அவனுக்குத்தான் நரை அதிகம். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வணிகவியல் பிரிவு, பிறகு பி.காம். கையில் மூன்று கலர் நோட்டீஸ். ஒன்றில் ‘பைத்தான் ஃபுல் ஸ்டாக்’, இன்னொன்றில் ‘ஜாவா ஃபுல் ஸ்டாக்’, மூன்றாவதில் ‘மெர்ன் ஸ்டாக்’. மூன்றிலும் நூறு சதவீதம் வேலை உறுதி என்று போட்டிருந்தது. கட்டணம் 55,000 முதல் 70,000 வரை.

“எதுல சேர்க்கட்டும் டீச்சர்? நீங்க சொல்றதுல சேர்த்துடறேன்” என்றான். நகையை அடகு வைக்க வீட்டில் பேசி முடித்தாயிற்றாம்.

எனக்கு வாயே வரவில்லை. காரணம் உறவுக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. 2009-இல் இதே கேள்வியை என் அண்ணி கேட்டார். அண்ணன் மகன் பி.எஸ்சி. முடித்துவிட்டு நின்றான். எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் டீச்சர் என்றால் எல்லாம் தெரியும் என்று வீட்டில் நினைப்பார்கள், நாமும் அதை மறுப்பதில்லை. அப்போது பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஃப்ளாஷ் படித்துவிட்டு நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். “ஃப்ளாஷ் சேர்த்துவிடுங்க அண்ணி” என்றேன். அண்ணியின் தாலிச் சங்கிலிக்கு அடுத்தபடியாக இருந்த ஒரே சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

அன்றைக்கு அது தப்பான யோசனை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இணையத்தில் ஆடுவது, பாடுவது, விளையாட்டு எல்லாமே ஃப்ளாஷ்தான். பையனுக்கு வேலையும் கிடைத்தது, பள்ளிப் பாடங்களை அனிமேஷன் ஆக்கும் ஒரு கம்பெனியில். ஆனால் ஐபோனில் ஃப்ளாஷ் ஓடாது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாகவே ஒரு கடிதம் எழுதி, ஃப்ளாஷை ஏன் உள்ளே விடமாட்டோம் என்று காரணங்களை அடுக்கினார். உலகம் முழுக்க கைபேசிக்கு மாறியது. இரண்டு மூன்று வருஷத்தில் அந்த வேலை வற்றிவிட்டது. கடைசியில் 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனமே ஃப்ளாஷுக்கு மூடுவிழா நடத்தியது. அண்ணன் மகன் அதற்கு வெகு முன்பே அந்தத் துறையை விட்டுவிட்டான். இப்போது வண்டலூர் பக்கம் ஒரு கிடங்கில் கணக்குப் பார்க்கிறான். சங்கிலியை மீட்க நாலு வருஷம் ஆனது.

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். “எழுதுங்க அத்தை, அதுல ஒரு விஷயத்தையும் சேர்த்து எழுதுங்க” என்றான். அவன் சொன்னது இது. அவனோடு அதே வகுப்பில், அதே பணம் கட்டி, அதே வாத்தியாரிடம் படித்த இன்னொரு பையன் இன்று ஓஎம்ஆரில் பெரிய வேலையில் இருக்கிறான். எப்படி? ஃப்ளாஷுக்குள் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்று ஒரு மொழி உண்டு. அதுவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒரே இலக்கணத்தில் பிறந்த உடன்பிறப்புகள். அந்தப் பையன் மொழியைப் படித்தான். என் மருமகன் படத்தை இழுத்து வைக்கவும் பொத்தானை அமுக்கவும் படித்தான். ஃப்ளாஷ் போனதும் முதலாமவன் ஆறு மாதத்தில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத் தாவினான். இவனுக்குத் தாவுவதற்குக் காலடியில் பலகை இல்லை. “நீங்க சொன்னதால கெடல அத்தை, நான் கத்துக்காததால கெட்டேன்” என்கிறான். இதில் பாதியைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. எதைக் கற்க வேண்டும் என்று சொல்லாமல் எதில் சேர வேண்டும் என்று மட்டும் சொன்னவள் நான்தானே.

ஆகவே மெக்கானிக்கிடம், “நகை வீட்டிலேயே இருக்கட்டும், ரெண்டு வாரம் டைம் குடு” என்றேன். அந்த இரண்டு வாரம் நான் செய்தது, ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் நாலைந்து பேரைப் போனில் பிடித்துத் துளைத்தெடுத்தது. அருமைப் பிள்ளைகள், பொறுமையாகச் சொன்னார்கள். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் அவர்களே திருத்துவார்கள்.

தாம்பரம் ஸ்டேஷன் முன்பதிவு கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாம் பாரம் நிரப்புகிறோம். அந்தப் பக்கம் ஒருவர் அதை வாங்கி, இடம் இருக்கிறதா என்று பார்த்து, பதிந்து, டிக்கெட் தருகிறார். இணையதளமும் இப்படி இரண்டு பக்கம். இந்தப் பக்கத்தில், அதாவது நம் போனில் தெரியும் பக்கத்தில், தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. எந்தக் கட்டம் எங்கே என்று சொல்ல எச்டிஎம்எல், நிறத்துக்கும் அளவுக்கும் சிஎஸ்எஸ், நாம் எழுதும்போதே ‘தேதி தப்பு’ என்று சொல்ல ஜாவாஸ்கிரிப்ட். யாராக இருந்தாலும் இவை மூன்றும் வேண்டும். மொழிச் சண்டை எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துக்குத்தான். அங்கே பிஎச்பி, பைத்தான், ஜாவா, ரூபி என்று பல பேர் நாற்காலியில் உட்காரலாம். ஜாவாஸ்கிரிப்ட்டே 2009-இல் நோட் என்ற பெயரில் அந்தப் பக்கமும் போய் உட்கார்ந்துகொண்டது. மெர்ன் என்று நோட்டீஸில் போடுவது அந்த வகை.

இவற்றில் எது உசத்தி? நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் முகநூல் 2004-இல் பிஎச்பியில்தான் எழுதப்பட்டது. விக்கிப்பீடியா இன்றும் பிஎச்பி. உலகத்து இணையதளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் ஓடும் வேர்ட்பிரஸும் பிஎச்பி. இன்ஸ்டாகிராம் பைத்தானில் எழுந்தது. நம் ஜிஎஸ்டி சாலையில் கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜோஹோவின் மென்பொருள்களில் பெரும்பகுதி ஜாவா. 2010-இல் சென்னையில் தொடங்கி 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போன ஃப்ரெஷ்வொர்க்ஸ், ரூபி ஆன் ரெயில்ஸில் கட்டப்பட்டது. ஆக எல்லா மொழியிலும் கோடீஸ்வரர்கள் இருக்கிறார்கள். ‘எது உசத்தி’ என்பது நோட்டீஸ் அடிப்பவர்களின் கேள்வி. நம் கேள்வி வேறு: எந்த வேலைக்கு, யாரிடம், எவ்வளவு காலத்தில்?

இரண்டு வாரம் கழித்து அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த மூன்று இடங்களில் ஒன்றுக்கு நானே போனேன். ஏசி அறை, காபி, நல்ல மரியாதை. ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையைப் பார்த்து, “உனக்கு ஏற்கெனவே என்னம்மா தெரியும்?” என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வரும் குழந்தையிடம்கூட நாங்கள் அதைத்தான் முதலில் கேட்போம். வெளியே வந்து நான் கேட்டேன். “பிளஸ் டூல பிஎச்பி இருந்துச்சு டீச்சர்” என்றாள் சர்வசாதாரணமாக.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்கு வந்து அரசுப் பாடநூலை இறக்கிப் பார்த்தேன். வணிகவியல் பிள்ளைகளுக்கான கணினிப் பயன்பாடுகள் பாடம். பிளஸ் ஒன்னில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். பிளஸ் டூவில் பிஎச்பி, தரவுத்தளம். கணினி அறிவியல் எடுத்த பிள்ளைகளுக்கு பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான். தமிழிலேயே இருக்கிறது, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 70,000 ரூபாய் நோட்டீஸில் முதல் மூன்று மாதத்துக்கு என்ன போட்டிருந்ததோ, ஏறக்குறைய அதே தலைப்புகள். இவள் அதில் பாஸ் செய்தவள். ஆனால் பரீட்சைக்குப் படித்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, மறந்துவிட்டாள். மறந்ததற்கு அவளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அதை வைத்து ஒரு பொருளைச் செய்து பார்க்க யாரும் சொல்லவில்லை.

எனவே என் யோசனை இது. ஏற்கெனவே காதில் விழுந்த பிஎச்பியையே எடு, உன் அப்பா கடைக்கு ஒரு தளம் செய், வண்டி வந்த தேதி, செய்த வேலை, அடுத்த சர்வீஸ் எப்போது, பில் எவ்வளவு, இது போதும் என்றேன். பிஎச்பிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாதம் நூறு இருநூறு ரூபாய்க்கு இடம் வாடகைக்குத் தருகிறார்களே, அங்கெல்லாம் பிஎச்பி கோப்பை ஏற்றினால் போதும், ஓடும். சின்னக் கடைக்காரர்களுக்கு வேலை செய்து கொடுக்க நினைக்கும் பிள்ளைக்கு இது பெரிய வசதி. அதன் குறையும் அதுவேதான். எப்படி எழுதினாலும் ஓடிவிடும் என்பதால், கண்டிப்பில்லாத வாத்தியாரிடம் படித்த பையன் மாதிரி கையெழுத்து கெட்டுப்போகும். தன்னைத்தானே கண்டித்துக்கொள்ளும் குணம் இருப்பவருக்குத்தான் பிஎச்பி.

சனிக்கிழமைதோறும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுமில்லை, கூட இருந்தேன், அவ்வளவுதான். அப்போது நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பில் போடும் பக்கம். கூலி 450 என்று ஒரு கட்டத்தில் போட்டாள், பிளக் 120 என்று இன்னொரு கட்டத்தில். மொத்தம் 450120 என்று வந்தது! “ஒரு பிளக் மாத்துனதுக்கு நாலரை லட்சமா, நான் ஏன் இன்னும் வாடகை வீட்ல இருக்கேன்?” என்று அப்பா சிரித்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. விஷயம் இதுதான்: கட்டத்தில் நாம் அடிக்கும் 450 ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு எண் அல்ல, எழுத்து. எழுத்தோடு எழுத்தைக் கூட்டச் சொன்னால் பக்கத்தில் ஒட்டிவிடும். மறுநாள் ஒவ்வொரு மொழியிலும் எழுத்தாக இருக்கும் 5-உடன் எண்ணாக இருக்கும் 1-ஐக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். ஜாவாஸ்கிரிப்ட் 51 என்றது. பிஎச்பி, ‘நீ எண்ணைத்தான் நினைத்திருப்பாய்’ என்று தானே ஊகித்து 6 என்றது. பைத்தான், எழுத்தையும் எண்ணையும் கூட்டமாட்டேன் என்று பிழை காட்டி நின்றுவிட்டது. ஜாவாவும் ஒட்டி 51-தான் தரும், ஆனால் அங்கே ஒவ்வொன்றும் எண்ணா எழுத்தா என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்பதால் நமக்குத் தெரியாமல் நடக்காது.

மொழிக்கு மொழி என்ன திறமை வேண்டும் என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பாடம் இந்தக் கூட்டல்தான். பைத்தான் கறார் வாத்தியார், வரி தொடங்கும் இடம் நகர்ந்தால்கூடத் திட்டும். ஒழுங்காக எழுத வராத பிள்ளைக்கு ஆரம்பிக்க நல்லது, தரவு, செயற்கை நுண்ணறிவு என்று போக நினைப்பவருக்கும் அதுவே வழி. ஜாவாவில் சின்ன வேலைக்குக்கூட நிறைய எழுத வேண்டும். பொறுமை வேண்டும், முதல் ஆறு மாதம் பலன் தெரியாது. ஆனால் ஐம்பது பேர் சேர்ந்து பத்து வருஷம் பராமரிக்கும் பெரிய வேலைகளுக்கு அந்தக் கண்டிப்புதான் காப்பு, அதனால்தான் பெரிய கம்பெனிகள் விடவில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் கேட்ட வரிசையில் பதில் வராது. ஒன்றைக் கேட்டுவிட்டு, அது வரும்வரை வேறு வேலை பார்த்து, வந்ததும் கவனிக்க வேண்டும். இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டுச் சட்னி அரைக்கத் தெரிந்த யாருக்கும் இது புரியும். ஆனால் அதன் சுற்றுக்கருவிகள் அடிக்கடி மாறும், படிப்பதை நிறுத்த முடியாது. ரூபி அழகான மொழி என்று என் மாணவன் ஒருவன் உருகினான். நம் பக்கத்தில் அதற்கு ஆள் கேட்பவர்கள் குறைவு, அதனால் அதை முதல் மொழியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. வாடிக்கையாளர் பெயர் நீளமாக இருந்தால் வெட்டிக் காட்ட ஒரு வரி எழுதினாள், பத்து எழுத்துக்கு மேல் போனால் வெட்டு என்று. ‘முருகன்’ என்ற பெயர் ‘முர’ என்று வந்து, பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி நின்றது. முருகனுக்கு ஏது பத்து எழுத்து? மு, ரு, க, ன். நாலு எழுத்து. ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும். பிஎச்பியை எண்ணச் சொன்னால் 21 என்கிறது! பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 7 என்கின்றன. ஏன் என்று தேடியதில் ஒரு வாரம் போனது. யூனிகோடில் ம தனி, அதன் உகரக் கொக்கி தனி, புள்ளி தனி. அப்படி எண்ணினால் ஏழு. அந்த ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் மூன்று துண்டாகச் சேமிக்கிறது. அப்படி எண்ணினால் இருபத்தொன்று. பத்தாவது துண்டில் வெட்டினால் ஒரு எழுத்தின் நடுவில் கத்தி விழும். நாலு என்று சரியாகச் சொல்லவும் வழி இருக்கிறது, பிஎச்பியிலும் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இருக்கிறது. ஆனால் தேடுபவருக்குத்தான் கிடைக்கும். முப்பது வருஷம் உயிர்மெய் சொல்லிக்கொடுத்த எனக்கு, என் பாடம் இவ்வளவு ஆழத்தில் ஓடுகிறதா என்று மலைப்பாக இருந்தது.

அந்த ஒரு வாரத்தில் அவள் கற்றது பிஎச்பி அல்ல. பிழைச் செய்தியை முழுசாக வாசிப்பது, ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அகராதி வைத்துப் புரிந்துகொள்வது, காரணத்தை ஊகித்துச் சோதிப்பது, கண்டதைத் தமிழில் எனக்கு விளங்கச் சொல்வது. இது நாளைக்கு ஜாவாவுக்குப் போனாலும் கூட வரும். ஃப்ளாஷ் மாதிரி பிஎச்பியே செத்துப்போனாலும் கூட வரும். என் மருமகனுக்குக் கிடைக்காத பலகை இதுதான். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல்லும் இந்த வகைதான். 1970-களில் பிறந்தது, எல்லா மொழிக்காரர்களும் அதனிடம்தான் வர வேண்டியிருக்கிறது. அதை நோட்டீஸ்களில் கடைசி வரியில் பொடி எழுத்தில் போடுகிறார்கள்.

“ஏஐ-யே எல்லாம் எழுதித் தருதே, இனிமே இதெல்லாம் எதுக்கு?” என்று சென்ற கல்யாணத்தில் சம்பந்தி ஒருவர் கேட்டார். அந்த 450120 பில்லை எழுதித் தந்ததே ஏஐ-தான் ஐயா. அது தப்பு என்று கண்டுபிடிக்க ஒரு மெக்கானிக்கும் அவர் மகளும் தேவைப்பட்டார்கள்.

மெக்கானிக்குக்கு என்மேல் ஒரு வருத்தம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். “சர்டிபிகேட் இல்லாம யாரு டீச்சர் உள்ள விடுவா?” என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சிறிய பயிற்சி நிலையத்தில் படித்து நல்ல வாத்தியார் அமைந்து முன்னுக்கு வந்தவர்களும் என் மாணவர்களிலேயே இருக்கிறார்கள். நான் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. மொழியின் பெயருக்கு நகையை வைக்காதே என்கிறேன். ஜோஹோ தன் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து, மொழியைத் தானே சொல்லிக்கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்கிறது. மொழியை அவர்களே கற்பித்துக்கொள்ள முடியும் என்றால் வாசலில் அவர்கள் தேடுவது வேறு எதையோதான். அரசின் ‘நான் முதல்வன்’ திட்டமும் 2022-லிருந்து இருக்கிறது. கல்லூரியில் இருக்கும்போதே அதில் என்ன கிடைக்கிறது என்று பிள்ளைகள் கேட்க வேண்டும். பி.காம். முடித்த பிறகு நம்மிடம் வந்து கேட்டால் கொஞ்சம் தாமதம்தான்.

கதையின் முடிவு இன்னும் வரவில்லை. கடைத் தளம் ஐந்து மாதத்தில் முடிந்து ஓடுகிறது. அவள் இரண்டு நேர்காணலுக்குப் போனாள். ஒன்றில் ஜாவா கேட்டார்கள், தெரியவில்லை, அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதில் ஒரு பிழையான நிரலைக் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னார்களாம். செய்துவிட்டு, இந்த முருகன் கதையையும் சொல்லியிருக்கிறாள். கேட்டவர் பேனாவை வைத்துவிட்டுத் தன் பெயரை எண்ணிப் பார்த்தாராம். ஆனாலும் வேலை வேறொருவருக்குப் போனது. அவளுக்கு வருத்தம்தான், எனக்கும்தான். நகை மட்டும் வீட்டில் இருக்கிறது. இப்போது ஜாவா ஆரம்பித்திருக்கிறாள். ‘இது ஏன் இப்படி வளவளன்னு இருக்கு டீச்சர்’ என்று தினமும் ஒரு வாய்ஸ் மெசேஜ் வருகிறது. ஆனால் பிஎச்பியில் மூன்று வாரம் எடுத்ததை இதில் நாலு நாளில் பிடித்துவிட்டாள்.

ஒரு வேண்டுகோள். அவள் படித்த ஆண்டில் பள்ளியில் இலவச மடிக்கணினி வரவில்லை. இதுவரை என் பேரனின் பழைய கம்ப்யூட்டரில்தான் ஓட்டினோம், ஜாவாவுக்கு அது மூச்சு வாங்குகிறது. உங்களில் யாரிடமாவது பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மடிக்கணினி இருந்தால், 8 ஜிபி இருந்தால் போதும், பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். மேற்கு தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் என்றால் மெக்கானிக்கே வந்து வாங்கிக்கொள்வான். கொடுப்பவரின் வண்டிக்கு ஒரு சர்வீஸ் இலவசம் என்று சொல்லச் சொன்னான்.